நாதி என்று கத்தியவள்

எங்கள் மாமா கோல்கீப்பராக இருந்து மேனேஜர் ஆனதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விரல் பிசகிப் புத்தூரில் கட்டுப் போட்டார், அதோடு சரி என்பார்கள் சிலர். வயசாகிவிட்டது என்பார்கள் சிலர். பெண் வீட்டார் தடை போட்டார்கள் என்று ஒரு கதையை அரக்கோணத்துச் சித்தி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அத்தனையும் சுத்தப் பொய். காரணம் நான். ஒன்பது வயதில், ரெட்டைப் பின்னலும் ரிப்பனுமாக, ஒரே ஒரு சொல்லில் அந்தக் காரியத்தை முடித்தேன்.

அந்தக் கோடை லீவில்தான் நாங்கள் அரக்கோணத்திலிருந்து திருப்பதிக்கு வந்திருந்தோம். நைனாவுக்கு ஒரு லாட்ஜில் மேனேஜர் உத்தியோகம். மேனேஜர் என்றால் எனக்குத் தெரிந்தது கையில் சாவிக்கொத்து, காதில் பேனா, கண்ணில் தூக்கம். அம்மாவின் தம்பியான மாமா எங்களுக்கு இரண்டு வருஷம் முன்பே வந்து, ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பாக்கிங் செக்‌ஷனில் இருந்தார். நாங்கள் வந்ததும் எங்களோடு சேர்ந்துகொண்டார். கம்பெனி டீமுக்கு அவர்தான் கோல்கீப்பர். ஆள் ஆறடி. ஆட்டோவில் உட்கார்ந்தால் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குரல் விஷயத்தில் மட்டும் கடவுள் கைமறதியாக வேறு யாருடையதையோ எடுத்து வைத்துவிட்டார். கீச்சுக்குரல். அவர் லாட்ஜுக்குப் போன் செய்தால், ரிசப்ஷன் பையன் நைனாவிடம், "சார், உங்க பாப்பா பேசுது" என்றுதான் போனைக் கொடுப்பான். என் குரலும் அவர் குரலும் அச்சு அசல் ஒன்று. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை, பட வேண்டியவர் அவர்தானே.

எனக்கும் அம்மாவுக்கும் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன கேட்டாலும் அம்மா சிரிப்பாள். கதவைச் சாத்தியதும் அழுவாள். "சொந்தபந்தத்த எல்லாம் வுட்டுட்டு இந்த ஊர்ல நாதியத்துப் போயி உக்காந்துக்கினு இருக்கோம்" என்பாள். சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை மாதிரி, மூன்று வேளையும் தவறாமல். ஒருநாள் கேட்டேன்.

"நாதின்னா இன்னாம்மா?"

"நமக்கு ஒண்ணுன்னா ஓடி வர்ற ஆளுடி."

இதைக் கேட்ட அதே வாரம்தான் மாமா ஆடுவதை முதல்முறையாகப் பார்க்கப் போனேன். பந்து கோல் பக்கம் வந்ததும் மாமா அந்தக் கீச்சுக்குரலில், "நாதி! நாதி!" என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டீமில் பதினோரு பேர், அத்தனை பேர் நடுவில் இவர் நாதிக்கு அலறுகிறார். அதைவிடக் கொடுமை, அவர் கத்தின உடனே பக்கத்தில் இருந்த ரெண்டு தடியன்களும் சட்டென்று விலகிப் போய்விட்டார்கள். அதிலும் புத்தூர்க்காரர் ஒருவர், மீசை வைத்தவர், கையை வேறு விரித்து மற்றவர்களையும் தடுத்தார். உதவிக்குப் போகிறவனையும் விடமாட்டேன் என்கிறாரே, இவரெல்லாம் மனுஷனா! பாவம் மாமா, வேறு வழியில்லாமல் தானே பாய்ந்து பந்தைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு ஆட்டத்திலும் இதே அநியாயம் நடந்தது. அம்மாவும் ஒருமுறை கேட்டுவிட்டு, "பாருடி, புள்ள எப்பிடிக் கத்துது" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமாவையே கேட்டிருக்கலாம். ஆனால் நாதியில்லாத மனுஷனிடம் போய், உனக்கு ஏன் நாதியில்லை என்று கேட்பது என்ன மரியாதை? நான் கேட்கவில்லை. புத்தூர்க்காரர் வீட்டுக்கு வந்தபோது தண்ணீர் கொடுக்காமல் உள்ளே போய்விட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு சந்திரகிரியில் ஃபைனல் வந்தது. மாமாவைப் பார்க்கவே சென்னையிலிருந்து ஒரு கிளப்பின் செலக்டர் வருகிறார் என்று வீடே அமளிப்பட்டது. பிடித்துப் போனால் மாமாவுக்கு அங்கே சம்பளத்தோடு கீப்பர் வேலை. "இருவத்தேழு ஆயிடுச்சிக்கா. இதான் கடைசி வண்டி. இது போச்சின்னா காலம் பூரா அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கினு இருக்க வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பெருமாளுக்குக் காசு முடிஞ்சு வைத்தாள். நைனா லாட்ஜுக்கு லீவு போட்டார், அது நான் பிறந்தபோதுகூட அவர் செய்யாத காரியம் என்று அம்மா சொல்வாள்.

கோட்டை மலைக்கு இந்தப் பக்கம் மைதானம். வெயில் மண்டையைப் பிளந்தது. செலக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தொப்பியும் நோட்டுமாக, எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் மாமா இரண்டு பந்துகளைத் தடுத்தார். ஒன்றைப் படுத்துக்கொண்டே தடுத்தார். செலக்டர் எழுதினார். அம்மா ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மெல்ல நழுவிப்போய் கோல் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாமாவுக்கு அவ்வளவு பக்கத்தில் சொந்தக்காரர் ஒருத்தராவது இருக்க வேண்டாமா?

யாரும் கோல் போடவில்லை. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. மாமா எகிறிக் குத்தினார், குத்தின வேகத்தில் குப்புற விழுந்தார். பந்து தூரம் போகவில்லை, கோலுக்கு எதிரிலேயே குதித்தது. பக்கத்தில் புத்தூர்க்காரர் மட்டும்தான். அவர் உதைக்கக் காலைத் தூக்கிவிட்டார். அவருக்குப் பின்னால் எதிர் டீம் ஆள் ஒருவன் ஓடி வருகிறான். மாமாவின் வாயெல்லாம் மண், கத்தக்கூட முடியவில்லை. அவருக்காக நான் கத்தாவிட்டால் வேறு யார் கத்துவார்கள்? வலையைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"நாதி! நாதி!"

புத்தூர்க்காரரின் கால் அந்தரத்தில் நின்றது. அடுத்த நொடி கையை விரித்துக்கொண்டு விலகிவிட்டார், வழக்கம்போல. ஓடி வந்தவன் பந்தை லேசாகத் தட்டினான். மாமா கிடந்த இடத்திலிருந்தே பாய்ந்தார், விரல் கம்பத்தில் மோதியது. பந்து என் காலுக்கு எதிரே வலையில் வந்து நின்றது.

"நாதி அன்னாவு கதா அன்னா!" என்று புத்தூர்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்துக் கத்தினார். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். நான் வலையை விடாமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்காவது கத்தத் தோன்றியதே என்று நன்றியோடு பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்தார், வாயிலிருந்த மண்ணைத் துப்பினார், டீமைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"தப்பு நாதி" என்றார்.

தப்பு எனக்குத் தெரிந்த சொல். நாதியும் தெரிந்த சொல். இரண்டையும் சேர்த்தால் என்ன வரும் என்றுதான் தெரியவில்லை.

செலக்டர் நோட்டை மூடினார். பக்கத்தில் இருந்தவரிடம், "பையன் நல்லாத்தான் ஆடறான். ஆனா பந்தைக் கேட்டுட்டு வராம இருக்கற கீப்பரை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்மாவுக்கு அது முழுக்கப் புரியவில்லை, போய்விட்டார் என்பது புரிந்தது. ஆட்டோவில் மாமா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் நைனா அவரைப் புத்தூருக்கு அழைத்துப்போய் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. என் பெஞ்சில் இரண்டு பெண்கள் ஒரு ரப்பருக்காகச் சண்டை போட்டார்கள். ஒருத்தி பிடுங்கி, "இதி நாதி!" என்றாள். இன்னொருத்தி திருப்பிப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "காது! நாதி!" என்றாள். இதில் காது எங்கே வந்தது என்று நான் முழித்தேன், தெலுங்கில் அது 'இல்லை' என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் நாதி எனக்கு விளங்கிவிட்டது, யாரும் சொல்லித்தரவில்லை. ரப்பரை அவள் பிடித்திருந்த பிடியிலேயே அர்த்தம் இருந்தது. நாதி என்றால் என்னுது.

பந்து என்னுது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா சொல்வார், அவர்கள் விலகுவார்கள். விலகத்தான் வேண்டும். அன்றைக்கு அவர் சொல்லவில்லை, அவர் குரலில் நான் சொன்னேன். என்னுதுன்னு சொன்னியே அண்ணா என்றுதான் புத்தூர்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறார். ஐயோ! டீச்சரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். தமிழில்தான் சொன்னேன், என் முகத்தைப் பார்த்தே அனுப்பிவிட்டார்.

மாமா லீவில் இருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இட்லி துன்னுக்கினு இருந்தார்.

"மாமா, அன்னிக்கி கத்தனது நான்தான்."

"தெரியும். அந்த கிரவுண்டுல கீச்சுக்குரலு ரெண்டு பேருக்குத்தான். என் வாயில மண்ணு." ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார். "ஆமா, நீ எதுக்குக் கத்தன?"

"உனக்கு யாராச்சும் ஓடி வரட்டும்னு."

அம்மா சொன்ன அர்த்தத்தைச் சொன்னேன். புத்தூர்க்காரருக்குத் தண்ணீர் கொடுக்காததையும் சொன்னேன். மாமா சிரித்த சிரிப்பில் புரை ஏறி, அம்மா அடுப்படியிலிருந்து வந்து தலையில் தட்டினாள். அவள் போகும்வரை இருந்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"இத யார்கிட்டயும் சொல்லிடாத பாப்பா. ஒரு சின்னப் பொண்ணு கத்துச்சாம், இவன் கோல் வுட்டானாம்னு தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. ஒரு பெரிய மனுஷரின் மானமே என் வாயில் இருக்கிறது என்று கொஞ்சம் கர்வத்தோடுதான் அலைந்தேன்.

அடுத்த சீசனில் டீம் மேனேஜர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு மாமா பேரைச் சொன்னது புத்தூர்க்காரர்தான். தோற்ற அன்றைக்குத் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவன் இவன் ஒருத்தன்தான், இவனுக்குக் கீழே ஆடலாம் என்றாராம். மேனேஜர் ஆகிவிட்டேன் என்று மாமா வந்து சொன்னதும், "சாவிக்கொத்து எங்க?" என்று கேட்டேன். விசிலை எடுத்துக் காட்டினார்.

புதுக் கீப்பர் சந்திரகிரிப் பையன். கோல் கோட்டைத் தாண்டி ஓர் அடி வெளியே வரமாட்டான், அவ்வளவு பயம். மாமா வெளியே நின்றுகொண்டு, "நீதி! நீதிரா!" என்று கீச்சிட்டார். அரக்கோணத்திலிருந்து வந்திருந்த சித்தி என்னை இடித்து, "இன்னாடி, ரெஃப்ரி எதுனா அநியாயம் பண்ணிட்டானா? உங்க மாமன் நீதி கேட்டுக்கினு கெடக்கிறான்?" என்றாள். எனக்குத்தான் அதற்குள் தெலுங்கு தண்ணி பட்ட பாடாயிற்றே. "நாதின்னா என்னுது சித்தி. நீதின்னா உன்னுது. பந்து உன்னுது, போய்ப் புடின்றாரு" என்று விளக்கினேன். பையன் போனான், பிடித்தான்.

மூன்றாம் வருஷம் அந்தப் பையனைச் சென்னை கிளப் எடுத்துக்கொண்டது. வந்தது அதே செலக்டர், அதே தொப்பி. மாமாவை உற்றுப் பார்த்துவிட்டு, "அன்னிக்கி பந்தைக் கேட்டுட்டு வராம இருந்தது நீங்கதானே?" என்றார். நான் மாமாவின் பக்கத்திலேயே நின்றிருந்தேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். மாமா என் தோளில் கையை வைத்து லேசாக அழுத்தினார்.

"ஆமா சார், நான்தான்" என்று சிரித்தார்.

அவர் மானத்தைக் காப்பாற்ற நானும் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அதைக்கூடவா செய்யமாட்டேன்?

இப்போது லாட்ஜ் ரிசப்ஷனில் மாமாவின் டீம் ஜெயித்த கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. அவர் ஆட்டத்தில் யாரும் கோலுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. தெலுங்கு தெரியாததால் வந்த வினை என்றுதான் நானும் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு. தெலுங்கு அர்த்தத்தை ஒரு ரப்பர் சண்டையில் பிடித்துக்கொண்டேன். வாயில் மண்ணோடு எழுந்து நின்று "தப்பு நாதி" என்று மாமா சொன்னாரே, அதில், நமக்கு ஒண்ணுன்னா ஓடி வர்ற ஆள் என்று அம்மா சொல்லித்தந்த தமிழ் அர்த்தமும் இருந்தது என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை.