நான் பலாமரத்தில் இருந்தபோது

என்னைத் தாய்போல் வளர்த்த அக்காளே என்னைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று நான் மூன்று நாள் நம்பியிருந்தேன். அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையும் இவ்வேளையில், உற்றார் கைக்கு வரும் நினைவு மலரில் இதை எழுதலாமா என்று என் மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. நீங்க எழுதல்லேன்னா நான் வாறவங்ககிட்ட எல்லாம் சொல்லிருவேன்" என்றாள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

அக்காள் பாறசாலையை அடுத்த எங்கள் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைசி. அம்மா என்னைப் பெற்றதும் படுக்கையில் விழுந்துவிட்டதால், எனக்குக் கஞ்சி ஊட்டியதும், நான் கஞ்சியைத் துப்பியபோது முதுகில் ஒன்று வைத்ததும் அக்காள்தான். கள்ளிக்காடு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டார். மூன்றாம் ஆண்டிலேயே அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். ஒரு டிரங்குப் பெட்டியோடும் வேதப்புத்தகத்தோடும் எங்களிடமே திரும்பி வந்து, ஓய்வுநாள் பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். பிறகு முதுகெலும்பில் நோய் கண்டது. கால்கள் இரண்டும் விழுந்தன. நோவு மட்டும் விழவில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரை மறித்து, அதாவது மறுபக்கம் புரட்டி, படுக்கவைக்க வேண்டும், தவறினால் தோல் பொட்டிப் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் என் மனைவியும் மாறிமாறிச் செய்தோம். மறிக்கும்போது அக்காள் நோவு பொறுக்காமல் கத்துவார். கத்தி முடித்த அதே மூச்சில், "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார்.

ஒருநாள், "இந்த நோவுக்குமா அக்கா ஸ்தோத்திரம்?" என்று கேலியாகக் கேட்டேன்.

"நோவுக்கு எதுக்குலே ஸ்தோத்திரம்? நோவு நோவாக்கும். ரட்சிப்புக்குத்தான் ஸ்தோத்திரம். என்னை அவரு சிலுவையில கிடந்து எடுத்தாச்சு மக்கா. மிச்சம் இருக்கப்பட்ட இந்தத் தடியை நீங்க மறிச்சுப் போட்டாப் போதும்."

பாதிப் பிரசங்கத்தில் குறட்டை விடுகிறவன் நான். ஆனால் அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றபோது எனக்குக் கண் கொட்டவில்லை. எந்தப் பீடத்தின் முன்னாலும் அப்படி நான் நின்றதில்லை.

அது திருவனந்தபுரம் ஆட்சியின் கீழ் இருந்த தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கிளர்ச்சி சூடுபிடித்திருந்த காலம். தடியடி பட்டவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. என்னுடைய வீரச்செயல் ஒன்றே ஒன்றுதான். ஓர் ஊர்வலத்தின் கடைசி வரிசையில் போய், முன்னால் போனவர்கள் சொன்ன கோஷத்தின் பின்பாதியைச் சொன்னேன். அன்று எனக்குத் தொண்டையும் கட்டியிருந்தது. ஆனாலும் திருவனந்தபுரத்தில் யாரோ ஓர் அதிகாரி என் பெயரை எழுதிவைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறார் என்றே நம்பினேன்.

ஒரு காலையில் என் மனைவி பனச்சமூடு சந்தைக்குப் போயிருந்தாள். அக்காளை மறிக்கும் முறை என்னுடையது. நேரமும் ஆகியிருந்தது. அப்போது இடைவழியின் வளைவில் காக்கிச் சட்டை ஒன்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை, என் கால்கள்தான் யோசித்தன. பின்வாசலால் ஓடிப் பலாமரத்தில் ஏறிவிட்டேன். அதில் முசிறு எறும்புக் கூடு இருந்தது ஏறிய பிறகுதான் தெரிந்தது.

போலீஸ்காரர் வாசலில் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. அக்காளின் குரல் கேட்டது: "உள்ள வாருங்க. நல்ல சமயத்துக்குத்தான் வந்தீங்க." கொஞ்ச நேரத்தில் அக்காள் கத்தினார். உடனே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். வெளியே வந்த போலீஸ்காரர், "ஞான் நாளெயும் வராம், அம்மச்சீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளையும் வருவாராம். மிரட்டிக் கேட்டதில் அக்காள் என்னைச் சொல்லிக்கொடுத்துவிட்டார், நாளை போலீஸ்காரர் ஆள் கூட்டி வருகிறார் என்று என் மூளை முடிவு செய்தது. மரத்திலிருந்து இறங்கியவன் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், பாலராமபுரத்தில் என் மாமனார் வீட்டில் போய்த்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் அக்காள் எங்களோடு இருந்தார். எல்லையும் போட்டாயிற்று. நாங்கள் திருவனந்தபுரத்தின் பக்கமே நின்றுவிட்டோம். கடைசி வாரத்தில் அக்காளுக்குக் குரல் அடங்கிவிட்டது. மறிக்கும்போது வலதுகை விரல் ஒன்று மட்டும் மேலே எழும்பும். அது என்ன சொல்லுகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், வெள்ளிதோறும் வந்து ஜெபித்த சபைப் பெண்களுக்கும், புண்ணுக்குப் பழந்துணி வெளுத்துத் தந்த பக்கத்து வீட்டு நெசவுக் குடும்பத்துக்கும், முகம் சுளிக்காத என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவர் உண்டு. அவர் பெயரைக் கேட்டுவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் ஓடிப்போன மூன்றாம் நாள் மத்தியானம், மாறுவேடம் என்று மீசையை மழித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். முற்றத்தில் என் மனைவி நின்றாள்.

"தலைவரு வந்தாச்சா? மீசையை எங்க, அதைப் போலீசு பிடிச்சிற்றா?"

நான் நேரே கட்டிலுக்குப் போனேன். "போலீசை உள்ள கூப்பிட்டு, ஸ்தோத்திரமும் சொல்லி என்னைக் காட்டிக் குடுத்தீங்களே அக்கா."

அக்காளுக்குச் சிரித்தால் முதுகு நோகும். ஆனாலும் சிரித்தார். "எலே மக்கா, ஜன்னல் பக்கம் மறிச்சுக் கிடத்தினப்பதான் மரத்துல உன் காலு ரெண்டும் தொங்குறதக் கண்டேன். நல்ல காலம், அவருக்கு முதுகு அந்தப் பக்கம். முசிறு ரொம்பக் கடிச்சிற்றோ?"

"மறிச்சுக் கிடத்தினாரா? யாரு?"

அவர் என்னைத் தேடி வரவில்லை. சந்திப்பில் காவலுக்கு நிறுத்தப்பட்டிருந்தவர், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். குடத்தைக் காட்டிய அக்காள், குடித்து முடித்ததும் தம்மை மறித்துவிட முடியுமா என்று கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறித்துவிட்டார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வந்து, என் மனைவிக்குக் கைகொடுத்தார். நான் ஒளிந்திருந்த மூன்று நாளும் என் அக்காளை மறித்துப் படுக்கவைத்தவர் அந்தப் போலீஸ்காரர்.