மிஸ் கோழியின் கால்

கடப்பாக்கல் பாவிய தரையில் கோழி நடந்தால் அதன் நகங்கள் ஒரு சத்தம் எழுப்பும். யாரோ வேறெதையோ யோசித்தபடி பென்சிலால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பது போல. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசை வீட்டுக்குப் பின்புறம், குளியலறைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுமளவுக்கு இருந்த இடத்தை நாங்கள் ‘பின்னாடி’ என்றுதான் சொல்வோம். விடிந்ததும் கோழிகள் அங்கே இறங்கி நடக்கிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். ஒரு நாள் அந்தச் சத்தத்தில் ஏதோ இடறியது. எழுந்து போய்ப் பார்த்தபோது, தலையை நிமிர்த்திக்கொண்டு வகுப்பைச் சுற்றி வரும் ஆசிரியை போல நடப்பதால் நாங்கள் ‘மிஸ்’ என்று பெயர் வைத்திருந்த சாம்பல் நிறக் கோழி, ஒரு காலை மடக்கித் தூக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தது.

அம்மா அதைத் தூக்கிக் காலைத் திருப்பிப் பார்த்தாள். பாதத்தின் அடியில் சதை உருண்டையாக வீங்கி, தொட்டால் சுட்டது. வீக்கத்தின் நடுவில் கறுப்பாக ஒரு மூடி போலப் பொருக்கு உட்கார்ந்திருந்தது. மனிதர்களுக்கு வருகிற கால் ஆணியைப் போல இருந்ததால் அதையும் ‘ஆணி’ என்றே சொன்னோம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

“இது இனிமே தேறாது செல்வி. ஞாயித்துக்கெழம அக்கா வர்றாங்க இல்ல, கொழம்பு வெச்சுடு.”

“முட்டை வைக்கிற கோழிங்க. கொஞ்ச நாள் பாக்கலாங்க,” என்றாள் அம்மா.

இதை அம்மா சொன்னதுதான் எனக்கு வியப்பாக இருந்தது. ஏனென்றால், எங்கள் தெருவில் அம்மாவைப் போல ரத்தத்துக்குப் பயப்படுகிறவர்கள் யாரும் இல்லை. மீன்காரர் மீனை நறுக்கும்போது பாத்திரத்தை மட்டும் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் ஒருமுறை படியில் விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டபோது, என் கையை இறுகப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்; பஞ்சை வைத்து அழுத்தி, ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் பக்கத்து வீட்டு ஷமீம் அக்காதான். இதைச் சொல்லிச் சொல்லி அப்பாவும் அவர் வீட்டு ஆட்களும் பல வருடம் சிரித்தார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அன்று மத்தியானமே அம்மா மிஸ்ஸை வயர் கூடையில் வைத்து, மேலே ஒரு துண்டைக் கட்டி, என்னையும் அழைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு பசுவும் இரண்டு நாய்களும் எங்களுக்கு முன்னால் காத்திருந்தன. டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார்.

“ஏனம்மா, ஒரு கோழிக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்று சிரித்தாலும், காலைக் கையில் எடுத்த பிறகு அவர் அவசரப்படவில்லை. விரல்களால் வீக்கத்தைச் சுற்றி மெதுவாக அமுக்கிப் பார்த்தார். கோழிகள் ராத்திரி எங்கே தூங்குகின்றன என்று கேட்டார். பழைய தண்ணி டிரம் மேலே என்றாள் அம்மா.

“அங்கேருந்து கல்லு மேல குதிக்குது. கால்ல சின்னக் காயம் ஆகியிருக்கும், அழுக்கு உள்ள போய் சீழ் கட்டிடுச்சு. இப்பவே வெட்டினா ரத்தம்தான் வரும். தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில காலை ஊற வைங்க. கறுப்பு மூடி எளகிடும். அப்புறம் மெதுவா அதைத் தூக்கி, உள்ளே கெட்டியா இருக்கிறதை எடுத்துட்டு, மருந்து போட்டுக் கட்டணும். நீங்களே செய்யலாம்.”

“நானா?” என்றாள் அம்மா.

“தினம் இங்க தூக்கிட்டு வந்தா அதுவே பயந்து போயிடும்மா.”

மருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், எடுக்கிற வேலையை ஷமீம் அக்கா பார்த்துக்கொள்வார் என்று அம்மா என்னிடம் சொன்னாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஷமீம் அக்கா முழு ஆட்டையே தனியாகத் துண்டு போடக்கூடியவர்.

அதற்கு அடுத்து வந்த மத்தியானங்களை நான் இன்றும் ஆசையோடு நினைத்துக்கொள்வதுண்டு. பள்ளிவிட்டு வந்தால், அம்மா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருப்பாள். மடியில் அப்பாவின் பழைய லுங்கிக்குள் சுற்றப்பட்ட மிஸ். கீழே அலுமினியச் சட்டியில் உப்புப் போட்ட வெந்நீர். அதற்குள் மஞ்சள் நிறக் கால். முதல் நாள் உதறி எங்கள் மேலெல்லாம் தண்ணீரை இறைத்த கோழி, தலையை லுங்கியால் மூடியதும் அடங்கிப்போனது. பிறகு பழகி, சட்டியைக் கண்டாலே அதுவாகக் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கியது. தண்ணீர் ஆறினால் நான் கெட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றுவேன். அம்மா தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்த பிறகுதான் காலை மறுபடியும் இறக்குவாள். தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து தரையில் பரப்பியது அப்பா. டிரம்மைக் கவிழ்த்து ஓரமாகத் தள்ளிவிட்டு, கோழிகள் ஏறித் தூங்கத் தாழ்வாக ஒரு கட்டையைக் கட்டியதும் அவர்தான். குழம்பைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தைக்கு முட்டைக் குழம்புதான் கிடைத்தது.

ஒரு நாள் கறுப்பு மூடியின் ஓரம் இளகி, லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி ஷமீம் அக்காவைக் கூப்பிட்டாள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குனிந்து காலைப் பார்த்தார். அப்படியே இரண்டடி பின்னால் போனார்.

“நக்கோ செல்வி, வேணாம்! என்னால ஆகாது.”

“என்னக்கா, நீங்க அறுக்காத கோழியா?”

“அறுக்கச் சொல்லு, இப்பவே அறுத்துடறேன். இது உசுரோட என்னையே பாக்குதே! நோவுற எடத்த நோண்ட எனக்குக் கை வராது, சத்தியமா.”

அம்மா கோழியின் முதுகைத் தடவிக்கொண்டே அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய், முள் எடுக்கிற முள்வாங்கியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, சுத்தமான பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் உதடுகள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன்.

“அக்கா, நீங்க புடிச்சுக்குங்க, அது போதும். எதையாவது பேசிட்டே இருங்க. நிறுத்தாதீங்க.”

ஷமீம் அக்கா கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் திருப்பி, தன் தங்கை மகள் கல்யாணத்தில் பிரியாணி அடிப்பிடித்த கதையைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லத் தொடங்கினார். அம்மா குனிந்தாள். மூடி முழுசாக வந்துவிட்டது. அதற்கு அடியில், வேகவைத்த வேர்க்கடலைப் பருப்பைப் போல மஞ்சளாக, கெட்டியாக ஒன்று தெரிந்தது. முள்வாங்கியால் அதைப் பிடித்தாள், வழுக்கியது. மறுபடி பிடித்தாள். மிஸ் ஒருமுறை கத்தியது. அம்மாவின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு ஓடி வந்து தொங்கியது. அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. அது வெளியே வந்தபோது கூடவே ரத்தமும் வந்தது. நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைத் திருப்பவில்லை. பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை கட்டைவிரலால் அழுத்தியபடி, “அப்புறம் மாப்பிள்ள வீட்டுல என்னா சொன்னாங்க?” என்று கேட்டாள்.

மருந்து போட்டு, துணிப் பட்டையை விரல்களுக்கு நடுவே விட்டுக் கட்டி, மிஸ்ஸைக் கூடைக்குள் மரத்தூள் மேல் உட்காரவைத்த பிறகு அம்மா எழுந்தாள். நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள். நானும் ஷமீம் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள் முதலில் கேட்டது, “கோழி தண்ணி குடிச்சிச்சா?” என்பதுதான்.

அது ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. தினமும் கட்டைப் பிரித்து, கழுவி, மருந்திட்டு, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. உள்ளே தங்கியிருந்த சின்னத் துணுக்கு ஒன்றை இன்னொரு நாள் எடுக்க வேண்டிவந்தது. ஆனாலும் வீக்கம் வடிந்தது. தூக்கிவைத்திருந்த கால் தரையைத் தொட்டது. மழைக்கு முன்னால் மிஸ் திரும்ப முட்டையிடத் தொடங்கியபோது, முதல் முட்டையை அம்மா ஷமீம் அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு யார் வீட்டுக் கோழி நொண்டினாலும் எங்கள் கதவுதான் தட்டப்பட்டது. அம்மா ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஒவ்வொரு முறையும் கையைக் கழுவிக்கொண்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் தொடங்குவாள். பல வருடம் கழித்து அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண் வந்தபோதும், தினம் கட்டுப் போட நர்ஸை வரச் சொல்லட்டுமா என்று டாக்டர் கேட்டதற்கு, “நானே போடுறேன்” என்றாள். அப்பா கடைசிவரை இரண்டு கால்களால்தான் நடந்தார். அம்மாவைப் பற்றி யார் முன்னாலும் அவர் சிரித்ததே இல்லை, அந்தக் கோழிக்குப் பிறகு.

இப்போது அம்மா காக்ஸ் டவுனில் என்னோடு இருக்கிறாள். போன மாதம் அவளிடம் கேட்டேன், அன்றைக்குப் பயமே தெரியவில்லையா என்று. “தெரியாம என்ன? கை நடுங்கிச்சே, நீ பாக்கல?” என்றாள். நான் பார்த்திருக்கவில்லை.

ஆஸ்டின் டவுனில் அந்த வரிசை வீடுகள் மாடிக்கு மேல் மாடியாக எழும்பிவிட்டன. ‘பின்னாடி’ இருந்த இடத்தில் ஒரு வாடகை அறையும் அதற்கு ஏறிப் போகும் இரும்புப் படியும் இருக்கின்றன. தரையில் அந்தக் கடப்பாக்கல் இல்லை. தெரு முழுக்க ஒரு கோழியும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒட்டிக்கொண்டு மேலே போய்விட்டதால், ஒரு பெண் எட்டிப் பார்த்து இன்னொரு பெண்ணைக் கூப்பிட அங்கே இனி வழியில்லை. ஷமீம் அக்கா மட்டும் இன்னும் அதே வீட்டில்தான், இப்போது மாடியில், இருக்கிறார். முழங்கால் வலியால் அவரால் படி இறங்க முடிவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அம்மா ஆட்டோ பிடித்துப் போகிறாள், எண்ணெய் தேய்த்துவிட.