மகளின் இரண்டு பக்கமும்

என் மகள் நான்கு வயதில் என் தையல் மெசினுக்கு நூல் கோத்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வவுணதீவில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் சட்டை தைக்கும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நூல் அறுந்தது. தேத்தண்ணி வைத்துவிட்டு வந்து பார்த்தால், ஊசிக்கண் வரை நூல் சரியாக ஓடியிருந்தது.

அதே பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிட்டதேயில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பமாட்டாள். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் இடிப்பாள்.

வயல் வட்டையில் வேளாண்மை செய்யும் என் கணவர் மெசின் கதையை ஊரெல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றதும் முகம் மாறிவிட்டது.

“மெசினுக்கு நூல் கோக்கிற புள்ளைக்கு என்ன வருத்தம்? ஒரு பேர வச்சிட்டாங்க எண்டா, பிறகு எல்லாரும் அத மட்டுந்தான் பாப்பாங்க.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தனியாக அவளைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில் பாலம் கடந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் வைத்தியர் பொறுமைசாலி. முகம் பார்க்கிறாளா, விரலால் காட்டிக் கேட்கிறாளா, மற்றப் பிள்ளைகளோடு விளையாடுகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல, வேறு யாருடைய பிள்ளையைப் பற்றியோ பேசுவதுபோல் இருந்தது.

“டொக்டர், ஏலாததெல்லாம் கேட்டுட்டீங்க. இவளுக்கு ஏலுமானதையும் கேளுங்க” என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, அதிலிருந்த டோர்ச் லைட்டை மகளிடம் கொடுத்தார். அவள் அதைக் கழற்றி மேசையில் பரப்பி, திரும்பப் பூட்டி எரியவைத்தாள்.

பல தடவை போய்வந்த பிறகே முடிவு சொன்னார்.

“இது ஓட்டிசம், அம்மா. அதில சந்தேகமில்ல. அண்டைக்கு டோர்ச்சப் பூட்டினதும் இவதான். ரெண்டையும் வச்சுத்தான் நாம வேலை செய்யணும்.”

பேச்சுப் பயிற்சி தந்த மிஸ், மெசினையே பாடமாக்கச் சொன்னார். நூற்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து ஏதாவது சத்தம் வரும்வரை காத்திருப்பேன். அவள் அழுவாள், எனக்கும் அழுகை வரும். ஆனாலும் விடவில்லை. மாதங்கள் போய் ஒரு காலை “நூ” என்றாள். வாசலில் மண்வெட்டியோடு நின்ற கணவர் அதை அங்கேயே சாத்திவிட்டு உள்ளே வந்து, தானும் ஒரு நூற்கட்டையை எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் அதிபர் தயங்கினார். இப்படியான பிள்ளைகளுக்கு வேறு இடம் இருக்கிறதே என்றார். நான் வாய் திறக்குமுன் கணவர் பேசினார்.

“மகளுக்கு ஓட்டிசம், சேர். மணிச்சத்தம் தாங்கமாட்டா. தூரமா இருத்துங்க. கையால செய்யிற வேலை குடுத்துப் பாருங்க.”

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பில், மணிக்குத் தூரமான மூலையில் இருக்கிறாள். சில சொற்கள் பேசுகிறாள். வகுப்பில் உடைந்த பென்சில் துருவிகள் அவளிடம்தான் வருகின்றன. போன கிழமை ஒரு பிள்ளையைத் தள்ளிவிட்டாளாம். அதிபர் வரச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் நானும் கணவருமாகப் போகிறோம்.