போர்வைக்குப் பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள்

2001ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் சங்கக் கட்டடம் ஒன்றின் மாடியில், பாட்டுக் கேட்பதற்காகவே நாங்கள் பத்துப் பேர் வாராவாரம் கூடுவோம். நான் வங்கி ஊழியன். ஆனால் அந்த மாடியில் எனக்கு வேறு மரியாதை. என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் என்னிடம் இருந்தது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், முகப்பில் நீல வெளிச்சம். எந்தப் பெட்டி பாடுகிறது என்று ஒரு நிமிடத்தில் காதாலேயே சொல்லிவிடுவேன் என்று நான் அளந்துவிட்டதை எல்லோரும் நம்பினார்கள். என்னைவிட அதிகமாக நம்பியவர் யாரும் இல்லை.

அந்த மாடி ஹாலில் நிரந்தரமாக ஓர் ஆம்ப்ளிஃபயர் வைக்க முடிவானது. வாலாஜாபாத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர், தன் கையால் செய்த ஒன்றைக் கொண்டுவந்தார். தகரப் பெட்டி, பீரோவுக்கு அடிக்கிற பச்சை பெயின்ட். இது தேறினால் சங்கத்தின் மற்ற இரண்டு ஹால்களுக்கும் அவரே செய்து தருவதாகப் பேச்சு. தேறாவிட்டால் கடையை மூடிவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டிருந்தார். தேறுமா தேறாதா என்று எழுத்தில் கருத்துச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருந்தார். சங்கத்துக்கு வரும் பட்டுப்புடவைகளைப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. எதற்கும் அசையாதவர். நான் இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வயரை மாட்டப் போனபோது தடுத்தார்.

"சார், கொஞ்சம் இருங்க. புடவைய டியூப்லைட்ல பாத்து எடுத்துக்கினு போயிட்டு, வீட்ல போயி கலரு வேறன்னு சண்ட போடுவாங்க. அதுக்குதான் நாங்க வாசலுக்கு எடுத்துக்கினு வந்து வெயில்ல காட்டுறோம். இங்க உங்க கண்ணுதான் சார் அந்த டியூப்லைட்டு. ஒரு போர்வைய கட்டிட்டு கேளுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது இருக்கும்போது எனக்கென்ன பயம்?

கொடியில் போர்வை கட்டினார்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே பாட்டுப் போய், ஸ்பீக்கருக்கு மட்டும் மாற்றி மாற்றி இணைப்புத் தர ஒரு ஸ்விட்ச் பெட்டியை நண்பர் வைத்தார். பிறகு மீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் சரிசமமாக்கினார். "ஒண்ணு துளி சத்தமா இருந்தாலும் அதுதான் நல்லாருக்குதுன்னு தோணும் சார்" என்றார். வேலை முடிந்ததும், "நான் இங்க இருந்தா என் மூஞ்சிய பாத்தே கண்டுபுடிச்சிடுவாரு" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெண் போர்வைக்குப் பின்னால் நின்று காசு சுண்டிப் பார்ப்பார். பூ விழுந்தால் என் பெட்டி, தலை விழுந்தால் நண்பருடையது. பத்து முறை. ஒவ்வொரு முறையும் எது பாடியது என்று அவர் ஒரு தாளில் குறித்துக்கொள்வார்; எது என்று நான் என் தாளில் எழுத வேண்டும்.

முதல் இரண்டு முறை தயங்காமல் எழுதினேன். மூன்றாவது முறை ஒரு நாகஸ்வரம். அப்படியே உருகிப்போய், 'இது என்னுடையதுதான், வேறு எதுவும் இப்படிப் பாடாது' என்று பெருமையாக எழுதினேன். ஐந்தாவதில் பேனா நின்றது. ஆறாவதில் வியர்த்தது. எட்டாவது வந்தபோது என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கைக்கு வந்ததை எழுதினேன். படியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கொடுத்த டீ ஆடை படிந்து அப்படியே இருந்ததைக் கதவு வழியாகப் பார்த்தேன்.

போர்வை இறங்கியது. அந்தப் பெண் இரண்டு தாள்களையும் ஒத்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பத்துக்கு அஞ்சு சார்." கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்திருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். நான் உருகிப்போன மூன்றாவது நாகஸ்வரம், பச்சைத் தகரப் பெட்டி பாடியது.

எனக்குக் காது மடல் சுட்டது. "இப்படிப் பரீட்சை மாதிரி உட்கார வைத்தால் யாருக்குத்தான் காது கேட்கும்? ஒரு மாதம் வீட்டில் வைத்து நிதானமாகக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்" என்று வாதாடினேன். இரண்டு பேர் எனக்காகப் பரிந்தும் பேசினார்கள். அந்த வாதத்தில் ஏதோ இருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். படியிலிருந்து வந்திருந்த நண்பரும், "அது உண்மையா கூட இருக்கலாம் சார். ஒரு மாசம் எடுத்துக்கினு போயி கேளுங்களேன்" என்றார். குரலில் கிண்டல் இல்லை. பயம்தான் இருந்தது.

அப்போது அந்தப் பெண் கேட்டார்: "சார், கருத்து எழுதி எடுத்துக்கினு வரேன்னு சொன்னீங்களே?"

என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டுத் திரும்பியது. இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். கருத்து தயாராகத்தான் இருந்தது. முந்தின நாளே, அழகான கையெழுத்தில், 'இரண்டையும் கவனமாகக் கேட்டேன். கையால் செய்தது தரத்தில் போதாது' என்று எழுதி மடித்து வைத்திருந்தேன். அந்தப் பச்சைப் பெட்டியை அதற்கு முன் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பெயின்டைப் பார்த்தே எழுதிவிட்டேன்.

"இல்லம்மா, இனிமேதான் எழுதணும்" என்றேன். அங்கேயே ஒரு தாள் வாங்கி, 'என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. தாராளமாக இதையே வைக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். நண்பர் அதைப் படித்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

நான் கீழே இறங்கிப்போய், பையில் இருந்ததைச் சுக்குச் சுக்காகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன். தோற்றுப்போனவனுக்கு வர வேண்டிய வருத்தம் ஏனோ வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. ஒரு போர்வை குறுக்கே வராமல் போயிருந்தால், ஒரு மனுஷனின் கடையை நானே மூடிவைத்திருப்பேன், நல்ல காரியம் செய்தோம் என்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியும் இருப்பேன்.

மூன்று ஹாலிலும் பச்சைப் பெட்டிகள் வந்தன. வாலாஜாபாத் கடையும் நடந்தது. என் சிங்கப்பூர்ப் பெட்டியை நான் விற்கவில்லை, நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் இன்றும் யாராவது ஒருவரைப் பற்றியோ ஒன்றைப் பற்றியோ என்னிடம் கருத்துக் கேட்டால், பதில் ஏற்கெனவே மடித்து வைத்ததா என்று ஒரு முறை என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.