நாச்சம்மை ஆச்சி காப்பாற்றிய மாதா

சாரத்தின் மேல் பஞ்சும் கையுமாக நின்றிருந்தபோது போன் வந்தது. நாச்சம்மை ஆச்சி காரைக்குடி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். கீழே இறங்கி உட்கார்ந்து நன்றாக அழுதேன். பழைய சுவரோவியங்களைச் சீரமைக்கும் வேலையில் பல வருடம் அவரோடு ஒரே சாரத்தில் நின்றவள் நான். அவரோடு பழகிய உங்களுக்கு அவர் பிடிவாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிடிவாதத்துக்குள் இருந்த தாட்சண்யத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கண்டரமாணிக்கம் பக்கம் ஒரு ஊரில் மாதா கோயில். பீடத்துக்குப் பின்சுவர் முழுக்க அந்தக் காலத்து மாதா ஓவியம். வேண்டுதல் பலித்த குடும்பம் திருவிழாவுக்கு முன் மாதாவின் அங்கிக்கு நீல எனாமல் பெயின்ட் அடிப்பது ஊர் வழக்கம். எல்லாரும் ஆசையாகத்தான் அடித்தார்கள். ஆனால் வெளிச்சுவர் வழியே இறங்கிய மழை ஈரம், பெயின்டைத் தாண்டி வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிட்டது. காரை உப்பி அங்கி உதிர்ந்தது. விரிசல் மாதாவின் கழுத்துவரை ஏறிய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது வேன் ஓட்டும் ஆரோக்கியசாமி புது டப்பாவோடு வந்தார். பிழைக்க மாட்டாள் என்று டாக்டர்கள் கைவிட்ட அவர் மகள் பிழைத்துவிட்டாள். அடிக்கக் கூடாது என்றால் அவர் எங்கே போவார்? பங்குச் சாமியார் தர்மசங்கடத்தில் நின்றார். ஓரமாகக் கொஞ்சம் அடித்துக்கொள்ளட்டுமே என்று நான்கூட ஆச்சியின் காதில் சொன்னேன். என்னை முறைத்துவிட்டுச் சாரத்தை விட்டு இறங்கினார்.

"நீங்க மாதாவுக்குத்தானே நேந்துக்கிட்டீக, பெயின்டுக்கு இல்லையே? வாங்க, அங்குட்டுப் போவோம்."

கோயிலுக்குப் பின்னால் கூட்டிப்போய், ஊறிக்கிடந்த சுவரில் அவரைக் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். "இந்த ஈரந்தான் உள்ள போயி மாதாவ உரிக்குது. இங்குட்டுச் சுண்ணாம்புக் காரை பூசிக் குடுங்க. அவுக முகம் தங்கிரும்."

"இது யாரு கண்ணுலயும் படாதே ஆச்சி."

"மாதாவுக்குத் தெரியும்ல."

ஆரோக்கியசாமி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஆச்சியோ ஒன்றும் நடக்காதது போல டீ கேட்டார். மறுநாள் காலையில் சுண்ணாம்பும் மணலும் ஏற்றிய வேன் கோயில் வாசலில் நின்றது. மனைவி குழைத்துக் கொடுக்க, மகள் நிழலில் உட்கார்ந்து பார்க்க, அவரே பூசினார். அந்தத் திருவிழாவில் மாதா பளபளப்பில்லாமல் இருந்தது சிலருக்குக் குறைதான். ஆச்சி அசரவில்லை. "பளபளப்பு வேணும்னா காலண்டர் மாட்டுங்க" என்றார். அடுத்த மழைக்கு ஈரம் உள்ளே இறங்கவில்லை. அதற்குப் பின் எல்லாருடைய வேண்டுதலும் சுண்ணாம்பாக அந்த வெளிச்சுவருக்கே போகிறது.

யாருடைய நம்பிக்கையையும் தட்டிவிடாமல், அதற்கு ஒரு நல்ல வேலை கொடுக்கும் துணிச்சல். ஆச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அந்த மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். பலிக்கவில்லை. போன வாரம் அந்த ஊருக்குப் போனேன். வெளிச்சுவரின் மூலையில் காரை பெயர்ந்திருந்தது. மழைக்காலம் வருகிறது. பூசிவிட்டு வந்தேன்.