மயிலிறகும் முக்கால் கிராம் ஈயமும்

ஒரே ஒரு மயிலிறகுக்குப் பயந்து மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடாமல் கிடந்தவன் நான். தேசியப் பறவையைச் சுட்டுவிட்டேன், இன்றோ நாளையோ வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும் என்று காத்திருந்தேன். இப்படிப் பயப்படுகிறவன் செஞ்சியில் குடியிருக்கக் கூடாது. கோட்டையைப் பார்க்க வரும் ஜீப்பும் வேனும் காலையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் என்னைத் தேடித்தான் வருகிறது என்று நான் நாலு முறை தோட்டத்துக் கக்கூஸில் போய் உட்கார்ந்தேன்.

எல்லாம் பெருச்சாளியால் வந்தது. சிங்கவரம் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் மல்லாட்டை நிலம் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். மோட்டார் கொட்டகையை ஒட்டிய வரப்பில் மூன்று வளை. காய் முற்றுகிற நேரமாகப் பார்த்து, செடியை விட்டுவிட்டு அடியில் இருப்பதை மட்டும் சுத்தமாகத் தின்றுகொண்டிருந்தது ஒரு பெருச்சாளி. பொறி வைத்தேன். பொறியில் வைத்த கருவாட்டைத் தின்றுவிட்டுப் பொறியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் லைசென்ஸ் தேவைப்படாத ஏர்கன் ஒன்றை வாங்கினேன்.

கூடவே வந்த குண்டுகள் கட்டையாக, லேசாக இருந்தன. பெருச்சாளியோ என் கணுக்கால் பருமன். பெரிய ஆளுக்குப் பெரிய குண்டுதானே மரியாதை? நீளமாக, முனை கூர்மையாக இருந்த கனமான குண்டு டப்பா ஒன்றைத் தனியாக வரவழைத்தேன். கனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைத்தெருவில் நகை செய்கிற பத்தரிடம் கொண்டுபோனேன். மில்லிகிராம் காட்டும் தராசு அவரிடம்தான் உண்டு. பழைய குண்டு அரை கிராமுக்குச் சற்று மேலே. புதியது முக்கால் கிராம். பத்தர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்:

“செய்கூலி கிடையாது சார். சேதாரம் எலி பாத்துக்கும்.”

அன்று பொழுது சாயும்போது வரப்பிலிருந்து இருபது தப்படி தள்ளிப் படுத்துக்கொண்டேன். பெருச்சாளி வெளியே வந்து நின்றது. சுட்டேன். அது அசையவில்லை. சத்தம் எங்கிருந்து வந்தது என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாக உள்ளே போனது. அதே நேரம் வரப்புக்குப் பின்னாலிருந்த வேலிக்காத்தான் புதரிலிருந்து ஒரு மயில் அலறிக்கொண்டு பறந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் புதரடியில் ஒரு நீள இறகு.

ரத்தம் இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். உள்காயம் என்றுதான் என் மூளை சொன்னது. எங்கேயோ போய்ச் சாகும், பிரேதப் பரிசோதனை செய்வார்கள், முக்கால் கிராம் குண்டு கிடைக்கும், பத்தர் சாட்சிக் கூண்டில் ஏறுவார். இறகைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, முதுகெலும்பு முறிந்தவன் மாதிரி விறைப்பாக சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்தேன். பாய்ச் சுருளுக்குள் ஒளித்தேன். மனைவி பாயை எடுக்கப் போனாள். அன்றிலிருந்து எனக்கு முதுகுவலி, நானேதான் பாய் விரிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. திண்டிவனம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சானிடம், மனைவியின் தம்பியிடம், துப்பாக்கியைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் மயிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குழலுக்குள் கண்ணை வைத்து, உள்ளே திருகாணி மாதிரி வெட்டியிருக்கும் மறை எத்தனை நீளத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது என்று கேட்டான். குண்டைச் சுழற்றி விடுவது அந்த மறைதான். பதில் தயாராக இருந்தது. குறி ஏன் தப்பியது என்று போனில் தேடி நான் முந்தின நாளே அளந்திருந்தேன்: துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் இறுக்கமாகத் தள்ள வேண்டும், கம்பி தானாகத் திரும்பும், ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். என் கம்பி திரும்பவே இல்லை. மறையே இல்லாத குழலை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றேன்.

தள்ளிக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

“மாமா, கம்பிய இன்னாத்துக்கு இந்தப் பிடி பிடிக்கிற? நீயே திரும்பவுடாம புடிச்சிக்கினு, திரும்பலன்னு சொல்றியே. கைய லூஸா உடு.”

விட்டேன். கம்பி சமர்த்தாகத் திரும்பியது. இரண்டு சாண் உள்ளே போனபோது ஒரு சுற்று முடிந்தது. இந்த மெதுவான சுற்று குட்டைக் குண்டுக்குப் போதும், நீளமும் கனமுமான குண்டுக்கு வேகமாகச் சுற்றுகிற மறை வேண்டும், இல்லையென்றால் குடித்தவன் மாதிரி தள்ளாடிக்கொண்டு போகும் என்று விளக்கினான். பட்டறைக்குப் பின்னால் தேதி கிழித்த காலண்டர் தாள்களை மண்மேட்டில் குத்தி வைத்துச் சுட்டோம். கனமான குண்டு பக்கவாட்டில் படுத்தபடி பட்டு, தாளில் சாவித் துவாரம் மாதிரி நீள ஓட்டை போட்டிருந்தது. ஒன்று நல்ல நேரத்தில், ஒன்று ராகு காலத்தில், ஒன்று தாளிலேயே இல்லை. லேசான குண்டுகள் ஐந்தும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின.

மச்சானுக்குத் திருப்தி. எனக்கு இல்லை. குண்டு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கும் என்று இப்போது ஆதாரத்தோடு தெரிந்துவிட்டதே.

வீட்டுக்கு வந்ததும் இறகை இடம் மாற்றத் தீர்மானித்தேன். பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தால் யார் சந்தேகப்படுவார்கள்? ஸ்டூல் போட்டு ஏறிக் கையை விட்டேன். உள்ளே ஏற்கெனவே ஆறு இறகு கொண்ட ஒரு கட்டு இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் மனதில் முதலில் வந்த கணக்கு, மொத்தம் ஏழு மயில்.

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“முதுகுவலிக்காரரு ஸ்டூல் மேல இன்னா பண்றீங்க?”

இறங்காமலே வாக்குமூலம் கொடுத்தேன். அவள் முழுசாகக் கேட்டுவிட்டு, அந்தக் கட்டு ஆவணியிலிருந்து அவளே வயலில் பொறுக்கியது என்றாள்.

“வருசா வருசம் மழ வந்தா மயிலு எறகு உதுக்குது. இது தெரியாம, மல்லாட்டக் கொல்லையில பாதி வயசு கழிச்சிட்டீங்க. அதையும் இப்படி குடுங்க, விசிறி கட்டணும்.”

மறுநாள் சாயங்காலம் லேசான குண்டோடு போய்ப் படுத்தேன். பெருச்சாளி வந்தது, அதே அலட்சியத்தோடு நின்றது. ஒரே குண்டு. கால் நீட்டிவிட்டது. மார்பை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன்.

பத்தடி தள்ளி, தோகையில் பாதியை உதிர்த்துவிட்ட ஒரு மயில், செடியைக் கொத்திப் பிடுங்கி என் மல்லாட்டையைத் தின்றுகொண்டிருந்தது. நிறுத்தாமல் என்னை ஒருமுறை பார்த்தது. நான் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அது தின்று முடிக்கும்வரை நின்றேன்.