பிரிண்டருக்கு அடியில் மடித்து வைத்த துணி

பழைய நைட்டியில் கிழித்த துணி அது. முழ நீளம், நாலாக மடித்தது. ஒரு காலத்தில் மஞ்சள் பூ போட்டிருந்தது. இப்போது நடுவில் கறுப்பும் நீலமும் சிவப்பும் கலந்து, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறை. நேற்று மத்தியானம் அது என் கைக்குத் திரும்பி வந்தது. ராஜகுளத்தில் பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்குகிற வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் மடியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

என் வீட்டுக்காரரின் தங்கை, அதாவது என் நாத்தனார், ஆறு வருஷத்துக்கு முன்பு புருஷனோடு ஒத்துவராமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொண்டுவந்தது ஒரு துணிப்பை, ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். வந்த வாரமே முன் அறையில் மேசை போட்டுவிட்டாள். சாதிச் சான்றிதழுக்கு, முதியோர் பென்ஷனுக்கு, காலேஜ் அப்ளிகேஷனுக்கு என்று ஜனம் வர ஆரம்பித்தது. பெரும்பாலும் கழனி வேலைக்குப் போகிற பெண்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இவளே பூர்த்தி செய்து, கைநாட்டு வைக்கிற இடத்தையும் காட்டிக் கொடுப்பாள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் அந்த அறைக்கு டைல்ஸ் போட்டிருந்தோம். கல்யாணமாகி வந்த பிறகு அந்த வீட்டில் என் இஷ்டப்படி நடந்த ஒரே காரியம் அந்த டைல்ஸ். அதன் மேல் விடிந்தால் போதும், புழுதிக் கால்கள். வாசல் முழுக்கச் செருப்பு. துடைத்துத் துடைத்து எனக்குக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அவளிடம் ஒன்றும் சொல்லமாட்டேன். பாத்திரத்தைத்தான் சத்தமாக வைப்பேன்.

ஒருநாள் பிரிண்டரில் இரண்டு விளக்குகள் மாறி மாறிச் சிமிட்டின. மெஷின் எதையும் அடிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அவளோ பதறவே இல்லை. லேப்டாப்பில் எதையோ ஏற்றினாள், பட்டனை அழுத்தினாள், அணைத்துவிட்டுப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா அண்ணி, நூறு சைபராயிடுச்சி!" என்று கை தட்டினாள். அப்புறம் எனக்கு விளக்கம் வேறு. "இது அப்பப்ப தன்னத்தானே சுத்தம் பண்ணிக்கினு கீது. அந்த இங்க் எல்லாம் அடியில கீற பஞ்சுல போய்ச் சேருது. எத்தினி தபா சேர்ந்துதுன்னு மெஷின் எண்ணிக்கினே இருக்கும். எண்ணிக்க நூறாயி ரொம்பிச்சின்னா பூட்டிக்கும். நான் எண்ணிக்கையத்தான் அழிச்சேன். பஞ்சு அப்படியேதான் கீது. மெஷினுக்கு எண்ணத்தான் தெரியும், கண்ணு கெடையாது."

பஞ்சை மாற்றவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அட்மிஷன் சமயம், வாசலில் எப்போதும் ஆள். அடுத்த தடவை மாத்திக்கலாம், அடுத்த தடவை மாத்திக்கலாம் என்று மூன்று தடவை சைபராக்கிவிட்டாள். அது அவள் செய்த தப்பு. அதை அவள் என்றைக்கும் மறைத்ததில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒருநாள் காலையில் அறையைத் துடைக்கும்போது பிரிண்டரின் அடியிலிருந்து மை கசிந்து மேசையில் ஓடுவதைப் பார்த்தேன். ஓரத்துக்கு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் போனால் என் டைல்ஸில் சொட்டும். கொல்லையில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மேசையை வழித்துத் துடைத்துவிட்டு, பழைய நைட்டியைக் கிழித்து மடித்து, பிரிண்டரைத் தூக்கி அடியில் திணித்தேன். தரை தப்பித்தது. மெஷின் தானாகச் சாகட்டும், என் அறை எனக்கு வரட்டும் என்று இருந்துவிட்டேன். துணி மையைக் குடித்துக்கொண்டே இருந்ததால் கசிவு அவள் கண்ணில் படவே இல்லை.

எட்டாம் நாள் துணியால் தாங்க முடியவில்லை. மேசையின் பின்பக்க இடுக்கு வழியாக மை கீழ்த்தட்டில் இறங்கிவிட்டது. காற்றில் பறக்கக்கூடாது என்று ஒரிஜினல்களை அவள் அங்கேதான் வைப்பாள். அன்றைக்கு அங்கே இருந்தது மாகறலில் இருந்து வந்த ஒரு பெண்ணுடைய மகளின் பிளஸ் டூ மார்க் ஷீட். மதிப்பெண் இருந்த இடம் முழுக்கக் கறுப்பு. அந்தத் தாய் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "எம்பொண்ணு படிப்புல தீய வெச்சிட்டியேடி!" என்று கத்தினாள். நாத்தனார் தலையைக் குனிந்து, "எந்தப்புதாம்மா, எந்தப்புதான்" என்று மட்டும் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நகல் வாங்க அந்தப் பெண்ணோடு பள்ளிக்கூடத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் இவள் ஒன்றரை மாதம் அலைந்தாள். நகல் வருவதற்குள் நர்சிங் சீட்டு போய்விட்டது. அந்தப் பிள்ளை ஒரு வருஷம் கழனிக்குப் போய்விட்டுத்தான் மறு வருஷம் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு நாத்தனார் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. ராஜகுளத்தில் சின்னதாக ஒரு கடை பிடித்துப் போய்விட்டாள். என் அறை எனக்கு வந்தது. டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று என் மகளின் மார்க் ஷீட்டை ஸ்கேன் செய்ய அவள் கடைக்குப் போனேன். இப்போதெல்லாம் விளக்கு சிமிட்டுகிறதோ இல்லையோ, நாள் குறித்து வைத்துப் பஞ்சை மாற்றிவிடுகிறாள். மெஷினுக்கு அடியில் அதே துணி. கடைக்கு வந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்து ஏதோ கேட்டாள். இவள் சிரித்துக்கொண்டே, "இது எங்க அண்ணி வெச்சது. நான் கவனிக்காம உட்டப்ப கூட எனக்கு ஒத்தாசையா சொல்லாம கொள்ளாம வெச்சிருக்காங்க. அதான் நான் பத்திரமா வெச்சிக்கினு கீறேன்" என்றாள்.

அந்தப் பெண் போகிற வரைக்கும் காத்திருந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டைல்ஸ், வாயை மூடிக்கொண்டது, மெஷின் சாகட்டும் என்று நினைத்தது, எதையும் விடவில்லை.

அவள் ஸ்கேன் செய்வதை நிறுத்தவில்லை. பின்பக்கத்தையும் திருப்பிப் போட்டு எடுத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"எத்தினி நாளு முன்னாடி பாத்தீங்க?"

"எட்டு நாளு."

"பஞ்சு மாத்த ஒரு மணி நேரம் போதும் அண்ணி."

அவ்வளவுதான். மார்க் ஷீட்டைக் கவரில் போட்டு, இரண்டு தடவை சரிபார்த்து என்னிடம் கொடுத்தாள். பிறகு பிரிண்டரை ஒரு கையால் தூக்கி, துணியை உருவி, மடிப்புக் கலையாமல் என் கையில் வைத்தாள். எப்போது போனாலும் டீ சொல்லுவாள். நேற்று சொல்லவில்லை.

இன்று காலையில் என் மகள் அந்தத் துணியை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தாள். "கருமம், யாரோடதும்மா இது? தூக்கிப் போட்டுடட்டா?" என்றாள்.

"என்னுதுதான். அங்கயே வெய்" என்றேன்.